லைப்ஸிக்குக்கு வந்த கண் வைத்தியன்

கண்ணை மூடிக்கொண்டே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். ஆனால் ஞானாபரணத்தால் மூட முடியவில்லை. மூடினால் அந்த வைத்தியன் வந்துவிடுகிறான். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே செத்துப்போனவன், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரி ஒன்றின் இரண்டாம் மாடிக்கு எப்படி வழி கண்டுபிடித்து வந்தான்? வண்டி முழுக்கக் கண்களைப் படமாக வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனவனாம், அப்படித்தான் ஞானாபரணம் படித்திருக்கிறார். இங்கிலாந்துக்காரன். ராஜாக்களுக்கே கண் பார்த்தவன் என்று தானே தம்பட்டம் அடித்துக்கொண்டவன். கத்தியை எடுக்கும் முன் கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்வானாம். கண்ணில் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, இத்தனை நாள் கழித்து அவிழுங்கள் என்று சொல்லிவிட்டு, அவிழ்ப்பதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவானாம். அவன் ஒரு வசந்த காலத்தில் லைப்ஸிக் நகரத்துக்கு வந்தான். அங்கே ஓர் அறுபத்தைந்து வயதுக்காரர், கிறிஸ்தவக் கோயிலில் பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர், பெயர் யோஹான் செபாஸ்டியன் பாஹ், அவன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். ஞானாபரணத்துக்கும் அறுபத்தைந்துதான். இதை இன்று காலையில் பல் தேய்க்கும்போது திடீரென்று கண்டுபிடித்தார். அறுபத்தைந்து ஆனவர்கள் உலகத்தில் எத்தனை கோடிப் பேர், அதற்கென்ன என்று தன்னையே அதட்டிப் பார்த்தார். அதட்டலுக்கு மனசு அடங்கவில்லை. கண்ணைத் திறந்தால் எதிர்ச்சுவரின் குழல் விளக்கு, மருந்தினால் விரிந்த கண்மணிக்குள் பால் கொட்டினதுபோல் பரவியது. மூடினால் வண்டி. திறந்தால் பால். வலது புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள், அறுப்பது இந்தக் கண்ணைத்தான் என்பதற்கு அடையாளம். அடையாளம் வேறு வேண்டுமா? அவருக்கு இருப்பதே அந்த ஒரு கண். இடது கண் பிறந்ததிலிருந்தே பேருக்குத்தான் திறந்திருக்கிறது, பகலா இரவா என்று சொல்லும், ஆள் யார் என்று சொல்லாது. இன்னொரு கண் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு கண்புரை ஆபரேஷன். ஒற்றைக் கண்காரனுக்கு? அந்த வார்த்தையைத் தேட வேண்டாம் என்று நினைத்தார். நினைத்ததும் மனசு அதைத் தேடிக்கொண்டு ஓடியது.

பெஞ்சில் ஏழெட்டுப் பேர் பச்சை அங்கியும் பச்சைத் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து இருந்தவர் பிரைவேட் பஸ் ஓட்டி ஓய்ந்தவர், குத்தாலத்துக் கலியமூர்த்தி. சொட்டு மருந்து விழ விழ அவருக்குப் பேச்சு பெருகியது. "சாருக்கு எந்தக் கண்ணு?" என்றார். "வலது." "எனக்கு இடது. ரெண்டு பேரும் சேந்து போனா ஒரு முழு ஆளு." அவரே சிரித்துக்கொண்டார். "வலதைப் போன மாசமே முடிச்சிட்டேன் சார். கொசு கடிச்ச அளவுகூட இல்ல. வீட்டுக்குப் போயி பொண்டாட்டியப் பாத்தேன், மூஞ்சி முழுக்கச் சுருக்கம். 'இது எப்படி வந்துச்சு'ன்னு கேட்டேன். ரெண்டு நாள் சோறு போடல." ஞானாபரணம் மரியாதைக்குச் சிரித்தார். கண் தெரியாமலா பஸ் ஓட்டினீர்கள் என்று கேட்டார். "கடைசி ஒரு வருஷம் மசமசன்னுதான் இருந்துச்சு. முன்னால போற வண்டி சிவப்பு லைட்டு தெரிஞ்சாப் போதும் சார், அவன் பின்னாலயே போயிடலாம். அவன் திரும்புற எடத்துல நாம திரும்பணும், அம்புட்டுதான்." இதைக் கேட்டதும் ஞானாபரணத்துக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் பாஹின் ஃபியூகும் அதுதான். ஒரு குரல் தனியாகப் புறப்பட்டுப் போகும். சற்றுப் பின்னால் இன்னொரு குரல் அதே பாட்டைச் சொல்லிக்கொண்டு அதைத் துரத்தும், அதன் பின்னால் மூன்றாவது, முதல் குரல் எங்கே திரும்பியதோ அங்கேயே எல்லாம் திரும்பும், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று மோதாது. இதைக் கோயில் இளைஞர் சங்கத்துக்கு விளக்க அவர் பட்ட பாட்டுக்கு, இந்த டிரைவரைக் கூட்டிப்போய் நிறுத்தியிருந்தால் போதும். "சாருக்கு என்ன வேலை?" "தாலுகா ஆபீஸ். ரிடையர் ஆயாச்சு. கோயில்ல ஆர்கன் வாசிக்கிறேன்." "ஆர்கன்னா, ஆர்மோனியம் மாதிரியா?" "அதைவிடப் பெரிசு. கைக்கு ரெண்டு வரிசைக் கட்டை. காலுக்கும் கட்டை உண்டு, காலாலயும் வாசிக்கணும்." கலியமூர்த்தி யோசித்தார். "கை வாசிக்குது. கால் வாசிக்குது. காது கேக்குது. அப்ப கண்ணுக்கு அதுல என்ன சார் வேலை?"

சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். கேட்டவர் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, அந்தப் பக்கத்து அம்மாளிடம் திரும்பிவிட்டார். ஆனால் ஞானாபரணத்துக்கு யாரோ நெஞ்சுக் குழியில் விரலை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. கண்ணுக்கு என்ன வேலை? அவருடைய ஆர்கன் வாசிப்பில் கண்ணுக்குத்தான் எல்லா வேலையும். காகிதம் இல்லாமல் அவரால் வாசிக்க முடியாது. நாற்பது வருஷமாக முடிந்ததில்லை. ஆராதனை நடுவே கரண்ட் போனால் ஆர்கனும் நின்றுவிடும், ஜெனரேட்டர் போட்டு ஆர்கன் உயிர்த்தாலும் மேலே விளக்கு எரியாவிட்டால் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆர்கன் எழுந்துவிட்டது, ஆர்கனிஸ்ட் இன்னும் எழவில்லை என்று கொயரில் பின்வரிசைப் பையன்கள் கிசுகிசுப்பது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவரும் சிரித்திருக்கிறார். இப்போது அது சிரிப்பாக இல்லை. வருஷம் தவறாமல் டிசம்பர் பாடல் ஆராதனையில், பாஹின் இசைத் துண்டு ஒன்றை வாசிக்கும் முன், அவரே எழுதி அவரே வாசிக்கும் அறிமுகத்தில் ஒரு வரி வரும்: கண்ணின் ஒளி மங்கியபோதும் அவருடைய இசையின் ஒளி மங்கவில்லை. சபையில் உச்சுக்கொட்டுவார்கள். பாதிரி ஐயர் தலையை ஆட்டுவார். ஒரு வருஷம் அந்த வரியைச் சபைப் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்கள். எத்தனை லேசாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு நாற்காலி இருந்ததைச் சொல்லவில்லை. தலை அசையாமல் இருக்கப் பின்னாலிருந்து ஒருவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான் என்பதைச் சொல்லவில்லை. மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலம், ஊசி நேரே விழித்த கண்ணுக்குள் போகும், உள்ளே மங்கிப்போன வில்லையைக் கீழே தள்ளிவிடும், அவ்வளவுதான் வைத்தியம். அது சரியாகவில்லை என்று சில நாளில் அதே கண்ணில் மறுபடியும். மறுபடியும் என்றால் என்ன, அந்த மனிதர் மறுபடியும் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாரா? ஒரு தடவை உட்கார்ந்ததைப் புரிந்துகொள்ளலாம். அதற்குப் பிறகு காய்ச்சல், ரத்தம் எடுத்தல், பேதி மருந்து, இருட்டு அறை. ஜூலை மாதம் முடியும் முன் செத்துப்போனார். பின்னாளில் அதே வைத்தியன் ஹாண்டெலின் கண்ணையும் தொட்டான் என்கிறார்கள். ஹாண்டெலும் பாஹ் பிறந்த அதே வருஷம் அதே ஜெர்மன் தேசத்தில் பிறந்த பெரிய சங்கீதக்காரர், கடைசிவரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பார்க்காத இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது அந்தக் கை. ஹாண்டெல் கண் போன பிறகும் மேடையில் ஆர்கன் வாசித்தார். மனசுக்குத் தோன்றியதைத் தோன்றியபடி வாசிப்பாராம், மற்ற வாத்தியக்காரர்கள் வயலின் வில்லைத் தூக்கியபடி காத்திருப்பார்களாம், அவர் ஒரு சுரத்தை நடுங்கவிடுவதுதான் நீங்கள் வரலாம் என்பதற்குச் சைகை. சரி. அவருக்குள் இருந்தது, வந்தது. பாஹுக்குள் இருந்தது, சாகிற படுக்கையிலும் மருமகனை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார் என்று ஒரு கதை உண்டு. கண் ஒரு வாசல்தான் அவர்களுக்கு, வாசலை அடைத்தால் வீடு இருக்கும். தனக்கு? வாசலை அடைத்துவிட்டு உள்ளே கையை விட்டுத் துழாவினால் அங்கே என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. அதுதான் பயம். ஆபரேஷன்கூட அப்புறம். காகிதத்திலிருந்து விரலுக்குப் போவதெல்லாம் அவர் வழியாகப் போயிருக்கிறது, குழாய் வழியாகத் தண்ணீர் போவதுபோல, குழாய்க்குத் தாகம் தெரியுமா, ருசி தெரியுமா. நாற்பது வருஷம் குழாயாக இருந்துவிட்டுத் தன்னைக் கிணறு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊதாப் புடவை அசைந்தது. மனைவி கிருபாவதியாகத்தான் இருக்க வேண்டும், முகம் தெரியவில்லை, பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினாள், காபி குடித்தீர்களா என்றா, வெளியே வந்ததும் தருகிறேன் என்றா. அவர் பொதுவாகத் தலையை ஆட்டினார். காலையில் பஸ்ஸில் அவள் சொன்னாள்: "படிச்சதையெல்லாம் போட்டு ஒழப்பிக்கிட்டு இருக்காதீங்க. ஜெபம் பண்ணுங்க, இல்லாட்டித் தூங்குங்க. அந்த ஜெர்மன்காரரு கண்ணுக்கும் உங்க கண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்? அவரு என்ன உங்க சித்தப்பாவா?" சித்தப்பா இல்லைதான். ஆனால் பொறையாற்றிலும் தரங்கம்பாடியிலும் அந்தப் பக்கத்து லுத்தரன் கோயில்களில் இன்றைக்கும் தமிழில் பாடுகிற பழைய ராகங்கள் சில, பாஹ் வாசித்துத் திருப்பித் திருப்பி அலங்காரம் செய்த அதே ராகங்கள்தான். ஹாண்டெல் பிறந்த ஹாலே என்ற ஊரில் படித்த பாதிரிகள்தான் கப்பல் ஏறித் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். இதை அவளிடம் சொன்னால், அவுங்க வந்தாங்க சரி, அந்த வைத்தியன் வரலையில்ல, என்பாள். அவளுக்கு எதையும் ஒரே வெட்டில் வெட்டத் தெரியும். சிறு வயதில் பாஹ் அண்ணன் வீட்டில் வளர்ந்தவர், அண்ணன் பூட்டி வைத்திருந்த சங்கீதத் தாள்களைக் கம்பி அலமாரிக்குள் கையை விட்டுச் சுருட்டி எடுத்து, விளக்கு கிடையாது, நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து நகல் எடுத்தாராம். எடுத்து முடித்ததும் அண்ணன் பார்த்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டான். அதில்தான் கண் கெட்டது என்று சிலர் சொல்வார்கள். ஞானாபரணத்துக்கு இன்று வேறொன்று உறைத்தது. பிடுங்கிக்கொண்டால் என்ன? ஆறு மாதம் எழுதிய பையனுக்கு அதெல்லாம் உள்ளே போயிருக்குமே. போயிருக்கும். தனக்குத்தான் போகவில்லை. பிறகு, போகவேண்டாம் என்று எவ்வளவு தள்ளினாலும் மனசு வந்து முட்டும் அந்த இடத்துக்கே வந்து முட்டியது. சாவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு காலை, பாஹுக்குத் திடீரென்று கண் தெரிந்ததாம். வெளிச்சம் கூசாமல் நன்றாகவே தெரிந்ததாம். சில மணி நேரத்தில் பக்கவாதம் அடித்துப் படுத்தார், பிறகு எழவில்லை. அந்தச் சில மணி நேரம். அதில் என்ன பார்த்தார்? இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்ததெல்லாம் தெரிந்தது, பிறகு விழுந்தார், என்பதுதான். மனைவி முகத்தைப் பார்த்தாரா, பார்த்து, மூஞ்சி முழுக்கச் சுருக்கம் எப்படி வந்தது என்று கேட்டாரா? ஜன்னலைப் பார்த்தாரா? முடிக்காமல் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தாரா, சே, இங்கே ஒரு சுரம் தப்பு என்றாரா? இல்லை, தெரிகிறது தெரிகிறது என்று கத்தியதிலேயே நேரம் போய்விட்டதா? அப்படியானால் அதைவிடக் கொடுமை உண்டா? ஞானாபரணத்தின் விரல் தானாகப் போய்ப் புருவத்துப் பிளாஸ்திரியின் ஓரத்தைச் சுரண்டியது. நகத்துக்கு ஒரு மூலை எழுந்தது. இழுத்தால் வந்துவிடும். அங்கியைக் கழற்றிவிட்டு ஊதாப் புடவையைப் பார்த்து நடந்தால் யார் தடுப்பார்கள்? மங்கலாகவாவது தெரிகிறதே. மங்கல் எவ்வளவு பெரிய சொத்து. "பிச்சுப் போட்டுட்டு ஓடலாம்னு பாக்குறீங்களா?" என்றார் கலியமூர்த்தி, அவருக்கு எல்லாம் தெரிந்தது. "நானும் போன மாசம் அப்படித்தான் சார் செஞ்சேன். கக்கூஸ்ல போயி ஒளிஞ்சுக்கிட்டேன். பேரைச் சொல்லி மைக்குல கூப்புட்டானுங்க. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டுச்சு. அந்த மானக்கேட்டுக்கு அறுத்துக்கறதே மேல்னு வந்துட்டேன்."

"ஞானாபரணம்!" என்று நர்ஸ் கூப்பிட்டாள். எழுந்து நடந்தார். கதவருகே அவள் இன்னொரு தடவை கேட்டாள். இங்கே எல்லாரும் எல்லாரிடமும் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "பேர் சொல்லுங்க ஐயா. எந்தக் கண்ணு?" "வலது," என்றார். பிறகு, சொல்லாமல் போனால் தெரியாமலேயே அறுத்துவிடுவார்களோ என்று, "எனக்கு இது ஒண்ணுதாம்மா கண்ணு," என்றார். "தெரியும் ஐயா. எழுதியிருக்கு." "தெரிஞ்சுமா செய்றீங்க?" நர்ஸ் அவர் முழங்கையைப் பிடித்தாள். சின்னக் கை, உறுதியான பிடி. "தெரிஞ்சதாலதான் ஐயா பெரிய டாக்டரே செய்றாங்க. வாங்க." பெரிய டாக்டர் என்றதும் உயரமான ஆளை எதிர்பார்த்தார். முகமூடிக்கு மேல் தெரிந்தது ஒரு பெண்ணின் நெற்றி, ஒற்றைப் பொட்டு, அதுவும் மங்கல். "படுங்க. வலிக்காது. உள்ளே அழுத்துற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. பேசக் கூடாது. தலையை அசைக்கக் கூடாது. இருமல் வந்தா முன்னாலேயே சொல்லணும்." முன்னாலேயே சொல்வதென்றால் பேச வேண்டுமே என்று நினைத்தார், கேட்கவில்லை. முகத்தின்மேல் ஒரு துணி வந்து விழுந்தது, அதில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. தண்ணீர் ஓடியது. இமைகளை ஏதோ விரித்துப் பிடித்தது, இனி மூட நினைத்தாலும் முடியாது. மேலே மூன்று விளக்குகள், மூன்றும் கரைந்து ஒன்றாகி மறுபடி பிரிந்தன. பக்கத்தில் ஒரு கருவி பாடத் தொடங்கியது, உண்மையிலேயே பாடியது. தாழ்ந்த ஒரே சுரம், டாக்டர் காலால் எதையோ மிதிக்க, அது மேலே ஏறியது. அட, இந்த அம்மாளும் காலால் வாசிக்கிறாள். ஏறி ஒரு சுரத்தில் நின்றது, அவருடைய காது அதற்கு உடனே பெயர் வைத்தது, அது அவர் நாற்பது வருஷமாக ஆராதனை முடிந்ததும் வாசிக்கிற பாஹின் சின்ன ஃபியூகின் ஆரம்பச் சுரம். அந்த ஃபியூகை யாரும் கேட்பதில்லை. செருப்புத் தேடுகிற சத்தத்திலும் பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தத்திலும் அது முடிந்துவிடும். இருந்தும் ஒரு ஞாயிறுகூட அவர் விட்டதில்லை. இப்போது முதல் குரல் புறப்பட்டது. அவர் புறப்பட வைக்கவில்லை, பயத்தில் மனசு எங்காவது ஓட வேண்டும், ஓடியது. இரண்டாவது குரல் அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தது. மூன்றாவது. கண்ணுக்குள் எதுவோ நகர்ந்தது, விளக்குகள் உடைந்து நீலமும் மஞ்சளுமாகச் சிதறின. இதுதானா, இப்படித்தான் போகுமா, இப்படி அழகாகவா போகும்? குரல்கள் நிற்கவில்லை. கால் குரல் வரவேண்டிய இடம் வந்தது, அதுவும் வந்தது. பச்சைப் போர்வைக்குள் அவருடைய வலது பாதம் கட்டையைத் தேடி மெல்ல அழுந்தியது, பிறகு இடது குதிகால், பிறகு வலது. "காலை ஆட்டாதீங்க ஐயா," என்றது எங்கோ நர்ஸின் குரல். கால் நின்றது. கை நின்றுவிடவில்லை. முதல் பக்கத்தின் கடைசி வரி, கடைசி இரண்டு தாளம், அந்த இடத்தில் இடது கைக்கு வாசிக்க ஒன்றும் கிடையாது, பக்கத்தைத் திருப்புவதற்கென்றே பாஹ் விட்டுவைத்ததுபோல ஓர் ஓய்வு. நாற்பது வருஷமாக அந்த ஓய்வில் அவருடைய இடது கை எழும், தாளின் மூலையைப் பிடிக்கும். அது எழுந்தது. வயிற்றிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து முகத்துக்கு மேலே, விளக்குகளுக்குக் கீழே, டாக்டரின் கைகள் இருக்கிற இடத்துக்கு.

மணிக்கட்டை இரண்டு கைகள் வந்து பற்றி அழுத்தின. கருவியின் பாட்டு சட்டென்று நின்றது. அறையில் எல்லாமே நின்றது. அவருக்கு அப்போதுதான் தெரிந்தது, தன் கை காற்றில் இருப்பதும், அது போகவிருந்த இடமும். உடம்பு முழுவதும் ஒரே குளிர். தொட்டுவிட்டேனா? இடித்துவிட்டேனா? அந்த இங்கிலாந்துக்காரன் வரவேயில்லை, வந்தது நான்தான், என் கையேதான். அவர் கேட்கக் கூடாது, கேட்டால் தாடை அசையும், தாடை அசைந்தால் தலை. மூச்சை மட்டும் விட்டார். கடைசியில் டாக்டரின் குரல் வந்தது, கோபம் இல்லை, அவசரமும் இல்லை. "கையை ஏன் எடுத்தீங்க? வலிச்சுதா? உதட்டை மட்டும் அசைச்சுச் சொல்லுங்க." "பக்கம்," என்றார். "என்ன?" "பக்கம் திருப்பணும்." நர்ஸ் சிரிப்பை அடக்குவது அவள் கைகளின் வழியாக அவர் மணிக்கட்டுக்கு வந்தது. "அதெல்லாம் நீங்க திருப்ப வேணாம்," என்றாள் டாக்டர். "நல்லவேளை, உங்க கை எழுறப்பவே நான் கருவியை வெளியே எடுத்துட்டேன். ஒண்ணும் ஆகல. சிஸ்டர், ஐயா கையை விடாதீங்க." மறுபடி காலால் மிதித்தாள். கருவி ஏறத் தொடங்கியது. ஒன்றும் ஆகவில்லை என்றால் உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லையா, அல்லது படுத்திருப்பவரிடம் சொல்கிற ஒன்றும் ஆகவில்லையா? அது துணியை அவிழ்க்கிறபோதுதான் தெரியும். அதுவரை இந்த நீலமும் மஞ்சளும்தான். கையைப் பிடித்திருந்த சின்னக் கைகள் சூடாக இருந்தன, அவை விடவில்லை. அவர் அசையாமல் கிடந்தார். ஓய்வு முடிகிற இடம் வந்தது. எப்போதும் இங்கே தாள் வேண்டும், தாள் இல்லாமல் ஒருநாளும் இதைத் தாண்டியதில்லை, இங்கேதான் நிற்கும், இதோ நிற்கப் போகிறது என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தார். அடுத்த பக்கத்தின் முதல் சுரம் வந்தது. அதன் பின்னால் இரண்டாவது. அதற்கு அடுத்தது எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.